கார் இன்ஜினில் கீச்சொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பானெட்டுக்குள்ளிருந்து விட்டுவிட்டு வரும் கீச்சொலியைப் பற்றிப் பணிமனைக்கு வருகிறவர்களும், திருமண வீடுகளில் சந்திக்கும் உறவினர்களும், தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். இந்த ஒலிக்காகத் தேவையில்லாமல் கழற்றி எறியப்பட்ட நல்ல ஆல்டர்னேட்டர்களை (பேட்டரியை நிரப்பும் மின்னாக்கிகளை) நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பானெட்டுக்குள்ள குருவி கத்துற மாதிரி கீச் கீச்சுன்னு கேக்குது. வண்டியை ஓட்டலாமா?

பெரும்பாலான நேரங்களில் ஓட்டலாம். ஆனால் நாள்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜினின் முன்பகுதியில் ஓடும் நீண்ட ரப்பர் பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஏர்கான் கம்ப்ரசரையும், பல கார்களில் வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. கீச்சொலிகளில் பெரும்பங்கு இந்தப் பெல்ட்டிலிருந்தோ அது சுற்றிவரும் புல்லிகளிலிருந்தோதான் வருகிறது.

சத்தத்தோடு பேட்டரி விளக்கு எரிந்தாலோ, வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே ஏறினாலோ, ஸ்டியரிங் திடீரென்று கனத்தாலோ, ரப்பர் கருகும் வாடை வந்தாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பெல்ட் அறுந்தபின் வாட்டர் பம்ப் நின்றுவிட்ட நிலையில் தொடர்ந்து ஓட்டினால், சிறிய செலவில் முடிய வேண்டியது இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வரை போய்விடும்.

கீச்சுன்னு கேட்டா என்ன, கிறீச்சுன்னு கேட்டா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. ஒரே சீராக, குறுகிய இடைவெளிகளில் விட்டுவிட்டு வருவது கீச்சொலி. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது தெளிவாகக் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மற்றச் சத்தங்களில் மறைந்துவிடும். இதற்குப் பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததே காரணம். பெல்ட் சற்றுக் கோணலாகப் புல்லியின் பள்ளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் உராய்ந்து ஒலியெழுப்புகிறது.

நீளமாக, இழுத்துக் கத்துவது கிறீச்சொலி. வேகம் கூடக்கூட அதுவும் கூடும். ஏர்கானைப் போட்டவுடனோ ஸ்டார்ட் செய்தவுடனோ உரக்கக் கேட்கும். பெல்ட் வழுக்குகிறது என்று இதற்குப் பொருள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு புல்லி இறுகிச் சுழல மறுக்கலாம்.

சத்தம் இன்ஜின்லேருந்துதான் வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று பாருங்கள். கார் நின்றிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் ஒலியின் வேகமும் மாறுகிறது என்றால் அது இன்ஜினைச் சேர்ந்தது. கார் நகரும்போது மட்டும் வந்து, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது பிரேக்கையோ சக்கர பேரிங்கையோ சேர்ந்தது. பிரேக் பேட் தேய்ந்தால் எச்சரிப்பதற்கென்றே பல கார்களில் ஒரு சிறு உலோகத் தகடு வைக்கப்பட்டிருக்கிறது. அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதை இன்ஜின் கோளாறு என்று எண்ணி வருகிறவர்கள் பலர்.

காருக்குள் காற்று வீசும் ப்ளோவரை நிறுத்தினால் சத்தமும் நிற்கிறதா என்றும் பாருங்கள். நம் சிங்கப்பூரில் ஏர்கானை அணைத்துவிட்டு ஓட்டுவதே அரிது என்பதால், ப்ளோவர் மோட்டாரின் கீச்சொலி பல மாதங்கள் இன்ஜினின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் மாறாமல், குறித்த இடைவெளியில் ஒரே மாதிரி ஒலித்தால் அது மின்னணுக் கருவியின் ஒலி. டாஷ்கேம், சாவியின் எச்சரிக்கை, சாலைக் கட்டணக் கருவி ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு பானெட்டைத் திறக்கலாம்.

காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வருது, அப்புறம் நின்னுடுது. விட்டுடலாமா?

இரவெல்லாம் மழை பெய்து, திறந்தவெளியில் நிறுத்திய காரில், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மட்டும் சில நொடிகள் கேட்டு நின்றால், ஈரம் காரணமாக இருக்கலாம். கவனித்துக்கொண்டே ஓட்டுங்கள். பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் காய்ந்த நிலையில் நின்ற காரிலும் நாள்தோறும் கேட்டால், அது தேய்மானத்தின் தொடக்கம்.

ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரியை நிரப்ப ஆல்டர்னேட்டர் கூடுதல் சுமையை இழுக்கிறது. தளர்ந்த பெல்ட் அந்தச் சுமையில்தான் முதலில் வழுக்கும். அதனால் இந்த நிலையிலேயே டென்ஷனரையும் பேட்டரியையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. இன்ஜின் சூடாகும்வரை கேட்டுப் பிறகு மறையும் கீச்சொலிக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

தண்ணி தெளிச்சுப் பாக்கச் சொல்றாங்களே, அதை எப்படிச் செய்யணும்?

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதுவே சிறந்தது. இன்ஜின் ஓடும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில், செடிகளுக்குத் தெளிக்கும் சிறு பாட்டிலால் கொஞ்சம் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, தண்ணீர் காய்ந்ததும் திரும்பினால் புல்லிகளின் நேர்க்கோடு பிசகியிருக்கிறது. சத்தம் இன்னும் உரத்தால் பெல்ட் வழுக்குகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளின் பக்கம் போங்கள். கீச்சொலிக்கும் கிறீச்சொலிக்கும் மேலே சொன்ன வேறுபாட்டை இந்தச் சோதனை உறுதிப்படுத்துகிறது.

ஆல்டர்னேட்டரின் மீது தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். குழாயால் பீய்ச்சவே கூடாது. சேலை முந்தானை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அவிழ்த்துவிட்ட கூந்தல் ஆகியவற்றோடு ஓடும் பெல்ட்டின் அருகே குனியாதீர்கள். ரேடியேட்டர் மின்விசிறி, இன்ஜின் நின்றபிறகும் தானாகச் சுழலத் தொடங்கலாம். சோதனையைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். நிறுத்திய வாகனத்தின் இன்ஜினைத் தேவையின்றி ஓடவிடுவதைச் சிங்கப்பூர்ச் சட்டம் தடைசெய்கிறது.

பெல்ட்டை நல்லாப் பாத்தேன், ஒரு வெடிப்புகூட இல்லை. அப்ப பெல்ட் நல்லாத்தானே இருக்கு?

வெடிப்பைத் தேடும் பழக்கம் பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளின் காலத்தது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர் வகையே பயன்படுகிறது. அது எளிதில் வெடிக்காது. கார் டயரைப் போல மெல்ல மெல்லத் தேயும். வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, புல்லியின் மேடு பெல்ட்டின் அடிப்பகுதியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால், பார்வைக்குப் புதிதாகத் தெரியும் பெல்ட்டும் வழுக்கும்.

இந்தத் தேய்மானத்தை அளப்பதற்கென்று சிறிய பிளாஸ்டிக் அளவி ஒன்று உண்டு. நல்ல பணிமனைகளில் அது இருக்கும். அளவி இல்லாவிட்டாலும் சில அடையாளங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்திருப்பது, ஒரு பக்க ஓரம் மட்டும் பளபளப்பது, பெல்ட்டுக்குப் பின்னாலுள்ள டைமிங் மூடியின் மேல் மெல்லிய கரும்பொடி படிந்திருப்பது ஆகிய மூன்றும் பெல்ட் கோணலாக ஓடுவதைக் காட்டிக்கொடுக்கும்.

பெல்ட் ஸ்ப்ரே அடிச்சா நின்னுடும்னு கடையில சொன்னாங்க. அடிக்கலாமா?

வேண்டாம். ஒட்டும் தன்மையுள்ள அந்தத் திரவம் சில நாள்களுக்குச் சத்தத்தை அடக்கும். பிறகு தூசியைச் சேர்த்துப் பெல்ட்டையும் புல்லிப் பள்ளங்களையும் கெடுக்கும். எண்ணெய் கலந்த ஸ்ப்ரேக்கள் இன்னும் மோசமானவை. சவர்க்காரக் கட்டியைத் தேய்க்கும் பழைய வழக்கமும் இதே வகைதான். இவை நோய்க்குறியை மறைத்துவிடுவதால், அடுத்துச் சோதிப்பவருக்குக் கிடைக்கவேண்டிய தடயமும் அழிந்துபோகிறது.

புது பெல்ட் போட்டேன். ரெண்டு வாரத்துல சத்தம் திரும்பி வந்துடுச்சு. பெல்ட் டூப்ளிகேட்டா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இல்லை. புதிய பெல்ட்டின் வரிகள் கூர்மையாக இருப்பதால் அது சில நாள்கள் பிசகைத் தாங்கிக்கொள்ளும். பிறகு பழைய கதைதான். பெல்ட் ஒரு வரி தள்ளிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புல்லியில் ஒரு பள்ளம் காலியாக, மறுபக்கம் பெல்ட்டின் ஒரு வரி வெளியே தொங்கினால் அதுவே விடை. அடுத்து டென்ஷனர். இன்ஜின் ஓடும்போது அதன் கை துடித்துக்கொண்டே இருந்தால், உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் பாகமும் தளர்ந்துவிட்டன. பெல்ட்டையும் டென்ஷனரையும் ஒன்றாக மாற்றச் சொல்வது பல நேரங்களில் நியாயமான ஆலோசனையே.

மூன்றாவதாக, பலரும் பார்க்க மறப்பது, இன்ஜினோடு சேர்ந்து சுழன்று பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியை. இது ஒரே வார்ப்பாகத் தோன்றினாலும், பெரும்பாலான கார்களில் உட்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. இன்ஜினின் அதிர்வை விழுங்குவது அதன் வேலை. நம் வெப்பத்திலும், எண்ணெய்க் கசிவிலும் அந்த ரப்பர் காய்ந்து நொறுங்கும்போது வெளிவளையம் சில மில்லிமீட்டர் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்ந்துவிடும். பெல்ட்டையும், பிறகு ஆல்டர்னேட்டரையும் வேறோர் இடத்தில் மாற்றியும் சத்தம் போகாமல் காக்கி புக்கிட் பணிமனைக்கு வந்த ஒரு வேனில், இன்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லியின் ஓரத்தைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெளிவளையம் ஆடியாடிச் சுழல்வது கண்ணுக்கே தெரிந்தது. அதை மாற்றியதும் சத்தம் நின்றது. பழைய ஆல்டர்னேட்டரில் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை.

எத்தனையோ புல்லி இருக்கு. எது கத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி. நல்ல பேரிங் ஓசையின்றி, வழவழவென்று சுழலும். மணல் நெறிபடுவது போன்ற உணர்வு விரலில் தட்டினாலோ, பக்கவாட்டில் ஆட்டும்போது புல்லி அசைந்தாலோ அது போய்விட்டது. கிரீஸ் வற்றிய ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுழலும் புல்லி), தட்டிவிட்டதும் தடையே இல்லாமல் நெடுநேரம் சுற்றும். அதுவும் கெட்டுப்போனதன் அடையாளமே.

பெல்ட்டைக் கழற்றாமல் கேட்க வேண்டுமென்றால் மெக்கானிக்கின் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதருகே வைத்து, முனையை ஆல்டர்னேட்டரின் உடல் போன்ற அசையாத பாகத்தில் ஊன்றிக் கேட்பதும் உண்டு. ஆனால் சுழலும் பாகங்களுக்கு அருகே அதைச் செய்வதைப் பழக்கமில்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வாட்டர் பம்ப்பைச் சந்தேகித்தால் காதைவிடக் கண் உதவும்: பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றி, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் காய்ந்து, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அங்கிருந்து தெறிக்கும் கூலண்டே பெல்ட்டில் பட்டுக் கீச்சொலியை உண்டாக்கவும் கூடும்.

சத்தத்தை எண்ணிப் பாத்தா என்ன கோளாறுன்னு தெரிஞ்சுடுமாமே, உண்மையா?

ஓரளவு உண்மை. எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதுதான், ஏனென்றால் இதற்கு ஒரு கைப்பேசி போதும். இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லி நொடிக்கு ஏறத்தாழ 13 முறை சுற்றும். அதன் சுற்றளவு 44 சென்டிமீட்டர், பெல்ட்டின் நீளம் 180 சென்டிமீட்டர் என்றால், புல்லி நான்கு முறை சுற்றினால்தான் பெல்ட் ஒரு முறை முழுதாகச் சுற்றிவரும். அதாவது நொடிக்கு மூன்று முறை.

ஆகவே நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கீச்சொலி வந்தால், பெல்ட்டிலேயே ஏதோ ஓரிடத்தில் சேதமோ எண்ணெய்க் கறையோ இருக்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், நொடிக்கு ஆறேழு முறை என்றால் அது வால்வுப் பகுதியையோ ஒரே ஒரு சிலிண்டரையோ சேர்ந்தது. கிராங்க் புல்லிக்குரிய நொடிக்கு 13 என்பதைக் காதால் எண்ண முடியாது. படபடவென்ற துடிப்பாகத்தான் கேட்கும். கைப்பேசியில் பதிவுசெய்து வேகத்தைக் குறைத்துக் கேட்டால் எண்ணிவிடலாம். ஆல்டர்னேட்டர் கிராங்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் பேரிங் தனித்தனியாகக் கீச்சிடாமல், பெரும்பாலும் இடைவிடாத இரைச்சலாகவே கேட்கும். உங்கள் காரின் அளவுகள் வேறாக இருக்கும். அவற்றை அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட்டையே கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினாலும் சத்தம் வருது. இப்ப என்ன பண்றது?

இந்தச் சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் கார் நின்ற இடத்திலேயே, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மட்டும் ஓடவிட வேண்டும். வாட்டர் பம்ப் சுழலாத இன்ஜின் விரைவில் சூடேறிவிடும். சத்தம் தொடர்கிறது என்றால் பெல்ட்டும் அது சுழற்றும் பாகங்களும் குற்றமற்றவை. ஒரு விதிவிலக்கு உண்டு: வால்வுகளின் இயக்கத்தை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் மூடிக்குள் உள்ள பல கார்களில் வாட்டர் பம்ப் அந்த உள்பெல்ட்டால்தான் சுழல்கிறது. அங்கே பம்ப்போ டைமிங் ஐட்லரோ கத்தினால், வெளிபெல்ட்டைக் கழற்றியும் பயனில்லை. டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. ஓடும் இன்ஜினில் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கைச் சற்று மேலே இழுத்தவுடன் கீச்சொலி நின்றாலோ மாறினாலோ, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் ரப்பர்ச் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சரியாக இறுக்கப்படாத ஸ்பார்க் பிளக்கின் வழியே அழுத்தம் கசிந்தாலும் கீச்சொலி வரும். எண்ணிப் பார்த்தால் மேலே சொன்ன ஆறேழு கணக்கில் அது விழும். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட் கசிந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் கேட்டு, உலோகம் சூடாகி விரிந்ததும் அடைபட்டு மறையும். காலையில் மட்டும் கேட்கும் சத்தத்துக்கு மற்றொரு காரணம் என்று முன்பு குறிப்பிட்டது இதைத்தான்.

என்னோடது ஹைப்ரிட். பெல்ட்டே இல்லைன்னு சொன்னாங்க, ஆனா சத்தம் வருதே?

எல்லா ஹைப்ரிட் கார்களும் ஒன்றல்ல. 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் முதல், அந்த வகை இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் ஏர்கான் கம்ப்ரசரும் மின்சாரத்தால் ஓடுகின்றன, வெளிபெல்ட் கிடையாது. அப்படிப்பட்ட காரில் பெல்ட் பற்றிய பதில்களை விட்டுவிட்டு, ப்ளோவர், பிரேக், காற்றுக் கசிவு ஆகிய பகுதிகளைப் பாருங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. அவற்றின் அருகே கைவைக்கவே வேண்டாம்.

மேனுவல் வேன். கிளச்சை மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா வருது.

கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங்கைச் சந்தேகியுங்கள். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளச் ரிலீஸ் பேரிங். இரண்டுமே பெல்ட்டோடு தொடர்பில்லாதவை.

பணிமனைக்குக் கொண்டுபோனா சத்தமே வர்றதில்லை. அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க.

இது மிகவும் பொதுவான குறை. சத்தம் வரும்போதே கைப்பேசியில் பதிவுசெய்து, அப்போது இன்ஜின் குளிர்ந்திருந்ததா, ஏர்கான் ஓடியதா, மழை பெய்ததா, இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் எங்கே நின்றது என்பவற்றைக் குறித்துக்கொடுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தமென்றால், காரை முதல்நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் அவர்களையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பணிமனைகள் நிறைந்த சின் மிங்கிலோ ஊபியிலோ, உச்சிவேளையில், சூடான இன்ஜினோடு போய் நின்றால் எந்தத் திறமையான மெக்கானிக்காலும் அதைக் கேட்க முடியாது. “ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்” என்று சொல்லாமல், “இந்தச் சத்தத்தைக் கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். பாகத்தின் பெயரை நீங்களே சொல்லிவிட்டால், அதை மாற்றித் தருவதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடும்.

வாரண்டி இருக்கு. வெளியில காட்டினா போயிடுமா?

வெளியில் பார்த்ததற்காக மட்டும் வாரண்டி முழுவதும் ரத்தாகும் என்ற அச்சம் இப்போது தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற பணிமனையில்தான் எல்லாப் பராமரிப்பும் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சிங்கப்பூரின் கார் விற்பனை நிறுவனங்கள், போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2017-ல் நீக்கின. ஆனால் வெளியில் செய்த வேலையாலேயே பழுது ஏற்பட்டிருந்தால், அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்க அவர்கள் மறுக்கலாம். எனவே வாரண்டி உள்ள காரில் வெளியே சோதிக்கலாம். பழுதை விற்றவரிடமே சரிசெய்துகொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கி மூணு மாசம்கூட ஆகலை, கத்த ஆரம்பிச்சுடுச்சு. விற்றவரைக் கேக்க முடியுமா?

வணிகரிடம் வாங்கியிருந்தால் கேட்கலாம். 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள, ‘லெமன் சட்டம்’ என்று அழைக்கப்படும் விதிகள் பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று விற்றவர்தான் நிறுவ வேண்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு இது பொருந்தாது.

தேய்ந்த பெல்ட்டை இயல்பான தேய்மானம் என்று சொல்லித் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. கசியும் வாட்டர் பம்ப்போ ஆடும் கிராங்க் புல்லியோ என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். அதற்காகவே, மாற்றுவதற்கு முன் காணொளியும் பணிமனையின் எழுத்துப்பூர்வக் குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. இதுக்கும் செலவு பண்ணணுமா, இல்லை அப்படியே ஓட்டி முடிச்சுடலாமா?

எந்தப் பாகம் என்பதைப் பொறுத்தது. ப்ளோவர் கத்தினால் காதைப் பழக்கிக்கொண்டு ஓட்டி முடிக்கலாம். ஆடும் ஐட்லர், தேய்ந்த பெல்ட், கசியும் வாட்டர் பம்ப் என்றால் ஓராண்டு நீண்ட காலம். பத்தாண்டுக்கு நெருங்கிய காருக்கு அசல் பாகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை; பேரிங், பெல்ட் ஆகியவற்றில் பெயர்பெற்ற நிறுவனங்களின் மாற்றுப் பாகங்களே போதும். சிஓஇ-யைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே வேலையாகப் பேசி முடியுங்கள். கழற்றிப் பூட்டும் கூலி ஒருமுறையோடு போகும்.

எப்படி முடிவெடுத்தாலும், விரைவுச்சாலையில் பெல்ட் அறுந்தால் செய்யவேண்டியதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அபாய விளக்கைப் போட்டு, முடிந்தால் சாலையோரத் தடத்துக்கு ஒதுங்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, பாதுகாப்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம், விரைவுச்சாலையில் பழுதாகி நின்ற காரை அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பணிமனைக்குக் கொண்டுபோகும் செலவு உங்களுடையது.